விஜே லெ ப்ரனின் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

பிரெஞ்சு அரசவை உருவப்படங்கள் என்றாலே பலர் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். பவுடர் அப்பிய தலைமுடி, ரோஜா நிறக் கன்னம், முழம் முழமாய்ப் பட்டு. பத்துப் படம் பார்த்தால் பத்தும் ஒரே மாதிரி தெரிகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் கடந்துபோனேன். எலிசபெத் விஜே லெ ப்ரனின் படங்களை வரிசை மாற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. எதை முதலில் பார்ப்பது, எந்த இடத்தில் கண்ணை நிறுத்துவது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஓவியப் பயிற்சி எதுவும் தேவையில்லை. நாலைந்து மாலைப் பொழுதுகள், ஒரு கைபேசி, முடிந்தால் கொஞ்சம் பெரிய திரை. அது போதும்.

மேரி அன்டோனெட் அரசியின் ஓவியர் என்று இவரை ஒரே வரியில் அறிமுகம் செய்துவிடுவார்கள். அது சரிதான், ஆனால் அதில் முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. அரசவை முகங்களில் இருந்த விறைப்பை எடுத்தவர் இவர். எடுத்த ஒவ்வொரு முறையும் திட்டு வாங்கினார். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படங்களுக்குப் போங்கள்.

முதல் மாலை: வைக்கோல் தொப்பி

வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1782இல் அவர் தன்னைத்தானே வரைந்த படம், வைக்கோல் தொப்பியோடு நிற்பது. அவர் கையாலேயே செய்த அதன் மறுபிரதி லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் நிழலைப் பாருங்கள். தொப்பியின் விளிம்பு நெற்றியிலும் கண்களிலும் நிழல் போடுகிறது. அதற்குக் கீழே கழுத்திலும் மார்பிலும் வெயில் விழுகிறது. நிழலுக்குள் இருக்கும் பாதி முகம் இருண்டு போகவில்லை. சுற்றியிருக்கும் வெளிச்சம் பட்டு அதுவும் மினுங்குகிறது. ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம். இதை அவர் எங்கே கற்றார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். 1781இல் கணவரோடு பிளாண்டர்ஸ் பக்கம் போனபோது, ஆண்ட்வெர்ப் நகரில் பழைய மேதை ரூபன்ஸ் வரைந்த தொப்பிக்காரப் பெண்ணின் படத்தைப் பார்த்தார். சாதாரணப் பகல் வெளிச்சமும் நேர் வெயிலும் அதில் சேர்ந்து நிற்பதைக் கண்டு மனம் பறிகொடுத்தார். ஊர் திரும்புவதற்குள் தன் படத்தைத் தொடங்கிவிட்டார்.

அடுத்து தலைமுடி. பவுடர் இல்லை, சவரி இல்லை, சொந்த முடி. அரசவைப் பெண்கள் பவுடர் இல்லாமல் வெளியே வராத காலம் அது. அவருக்குப் பவுடர் பிடிக்காது. படத்துக்கு உட்கார வந்த ஒரு சீமாட்டியிடம் பேசி, பவுடர் போடாமல் வகிடு எடுக்க வைத்து வரைந்தார். அந்தம்மா அதே கோலத்தில் நாடகம் பார்க்கப் போக, அது மெல்ல நாகரிகமாகவே பரவிற்று.

கடைசியில் கைகள். ஒரு கையில் வண்ணத்தட்டும் தூரிகைகளும். இன்னொரு கை, பேச்சின் நடுவில் விரித்த மாதிரி நம் பக்கம் நீள்கிறது. நகையை விடத் தொழில் கருவியை முன்னால் பிடித்திருக்கிறார். இது என் பிழைப்பு, இதில் நான் தேர்ந்தவள் என்று சொல்லும் கை அது. ஒரு கால் மணி நேரம் இந்த ஒரு படத்தோடு இருங்கள். அன்றைக்கு வேறு படம் வேண்டாம்.

இப்போது வாழ்க்கை, தேவையான அளவு மட்டும்

1755 ஏப்ரல் 16இல் பாரிஸில் பிறந்தார். அப்பா லூயி விஜே பேஸ்டல் வண்ணத்தில் உருவப்படம் வரைபவர். அம்மா சிகை அலங்காரம் செய்பவர். கன்னிமடப் பள்ளியில் சிறுமி எலிசபெத் நோட்டுப் புத்தக ஓரங்களிலும் சுவரிலும் தலைதலையாய் வரைந்து தண்டனை வாங்கினாள். ஒருநாள் விளக்கு வெளிச்சத்தில் தாடி வைத்த மனிதர் ஒருவரை வரைந்து காட்ட, அப்பா பூரித்துப்போய், நீ ஓவியராகத்தான் ஆவாய் என்றார். அவளுக்கு 12 வயதாகும்போது அவர் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு படம் வரைவது விளையாட்டாக இல்லை. அந்த வருமானம் வீட்டுக்குத் தேவைப்பட்டது. அம்மா ஒரு நகை வியாபாரியை மறுமணம் செய்தார். மகள் சம்பாதித்ததை அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். 1774இல், உரிமம் இல்லாமல் தொழில் செய்கிறாள் என்று சொல்லி அதிகாரிகள் அவருடைய தொழிற்கூடத்தை முடக்கினார்கள். உடனே செயின்ட் லூக் ஓவியர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். வயது 19. 1776இல் ஓவிய வியாபாரி ஜான் பாப்டிஸ்ட் பியேர் லெ ப்ரனை மணந்தார். அந்தக் கணவரும் அவர் சம்பாத்தியத்தைச் செலவழித்தார். ஆனால் அவர் வீட்டில் பழைய மேதைகளின் படங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து நகலெடுத்துப் படித்தது அவருக்குப் பள்ளிக்கூடம் மாதிரி அமைந்தது.

இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். மீதியைப் படங்களே சொல்லும்.

இரண்டாம் மாலை: ஒரே அரசி, நான்கு படங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. மேரி அன்டோனெட்டை அவர் வரைந்த நான்கு படங்களைக் காலவரிசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

ஒன்று, 1778. அரசியின் அம்மா, ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவுக்கு அனுப்புவதற்காக வரைந்தது. இன்றும் வியன்னாவில் இருக்கிறது. இருபுறமும் மேசை போல விரிந்த வெள்ளை சாட்டின் அரசவை உடை, மெத்தையின் மேல் கிரீடம், உயரத்தில் கணவர் பதினாறாம் லூயியின் மார்பளவுச் சிலை. எல்லாம் சட்டப்படி. அந்தச் சாமான்களுக்கு நடுவே முகம் கொஞ்சம் தொலைந்துதான் நிற்கிறது. அரசியின் தோல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தெளிவானது, அந்தப் புத்துணர்ச்சியைப் பிடிக்கத் தன்னிடம் வண்ணம் போதவில்லை என்று பின்னாளில் எழுதினார். இந்தப் படத்தைப் பார்க்கும்போது அவர் சொன்னது உண்மைதான் என்று தோன்றுகிறது.

இரண்டும் மூன்றும் ஒரே வருடம், 1783. இவற்றை ஒன்றாகத்தான் பார்க்கவேண்டும். முதலில் வந்ததில் அரசி வெள்ளை மஸ்லின், அதாவது மெல்லிய பருத்தி உடையில் இருக்கிறார். இடுப்பில் ஒரு மெல்லிய கச்சை, தலையில் வைக்கோல் தொப்பி, கையில் ரோஜா. நகை ஒன்றுகூட இல்லை. அதை அந்த வருட சலோனில், அதாவது அரச ஓவிய அகாதெமி பாரிஸில் நடத்திய பொது ஓவியக் கண்காட்சியில் மாட்டினார்கள். ஊர் கொதித்தது. அரசி உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள். பிரெஞ்சுப் பட்டை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பருத்தி உடுத்துகிறாள், லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள். படத்தைக் கழற்ற வேண்டி வந்தது. அதற்குப் பதிலாக வரைந்ததுதான் மூன்றாவது படம். நீலச் சாம்பல் பட்டு, முத்துமாலை, இறகு வைத்த தலையணி. இது வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது.

இப்போது இரண்டு படத்திலும் உடையைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். முகமும், ரோஜாவைப் பிடித்திருக்கும் கைகளும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. மாறியது துணி மட்டும். ஒரு துணி ஒரு அரசியின் பெயரை எப்படிக் கெடுத்தது என்பதை இந்த ஜோடியைப் போல வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. ஒரு விஷயம் கவனம்: மஸ்லின் படத்தின் மூலம் ஜெர்மனியில் ஹெஸ்ஸே பிரபுக் குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது. வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருப்பது வேறொருவர் செய்த நகல். இணையத்தில் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். படத்தின் கீழே எந்த அருங்காட்சியகம், எந்த வருடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 1783, மே 31இல்தான் அரச ஓவிய அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கு அங்கே மொத்தம் நான்கு இடம்தான். கணவர் ஓவிய வியாபாரி என்பதைக் காரணம் காட்டித் தடுத்தார்கள். அரசியின் தலையீட்டால் அரசரின் ஆணை வந்து கதவு திறந்தது. அதே நாளில் சேர்க்கப்பட்ட இன்னொரு பெண் அடெலெய்ட் லபீய் கியார். அவரும் பெரிய ஓவியர், தனியாக உட்கார்ந்து பார்க்கவேண்டியவர்.

நான்காவது, 1787. வெர்சாயில் இருக்கும் சுமார் 9 அடி உயரப் படம். சிவப்பு வெல்வெட் உடையில் அரசி, மடியில் கைக்குழந்தை, தோளில் சாயும் மகள், வலப்பக்கம் பட்டத்து இளவரசன். அரசியின் பெயரைச் சொல்லி நகை வியாபாரிகளை ஏமாற்றிய வைர அட்டிகை மோசடியில் அரசிக்குப் பங்கு இல்லாவிட்டாலும் அவர் பெயர் நாறிப்போயிருந்தது. இவள் ஒரு தாய் என்று நாட்டுக்குக் காட்டுவதற்காக அரண்மனை கேட்ட படம் இது. நகைப் பெட்டகம் பின்னால் இருட்டில் கிடக்கிறது. பிள்ளைகள் வெளிச்சத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் பார்க்கவேண்டியது தொட்டிலை. இளவரசன் அதன் துணியைத் தூக்கிக் காட்டுகிறான். உள்ளே யாரும் இல்லை. கடைசிக் குழந்தை சோஃபி, ஒரு வயது நிறையும் முன்பே அந்த ஜூன் மாதம் இறந்துபோனாள். பிரசாரத்துக்கென்று செய்யப்பட்ட படத்தின் நடுவில் உண்மையான துக்கம் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அந்த வெற்றுத் துணிக்குத்தான் போகிறது. சலோன் திறந்த அன்று படம் வந்து சேரவில்லை, வெறும் சட்டம்தான் தொங்கியது. அதைக் காட்டி, இதோ நாட்டுக் கஜானாவின் பற்றாக்குறை என்று அரசியைக் குத்திச் சொன்னார்களாம். அந்தப் பட்டத்து இளவரசனும் 1789 ஜூனில் இறந்தான். அதற்குப் பிறகு படத்தைப் பார்க்கத் தாங்காமல் அரசி அதைக் கழற்றச் சொன்னார் என்று ஓவியர் எழுதியிருக்கிறார்.

மூன்றாம் மாலை: வாயும் கண்ணும்

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டி போட்டோவை நினைத்துப் பாருங்கள். யாரும் சிரிக்கமாட்டார்கள். ஐரோப்பிய உருவப்படத்திலும் அப்படித்தான். பல் தெரியச் சிரிப்பவர்கள் குடிகாரர்கள், பைத்தியங்கள், நாடகக் கோமாளிகள் என்று வழக்கம். 1787 சலோனில் அவர் தன் மகள் ஜூலியைக் கட்டிக்கொண்டிருக்கும் படம் ஒன்றை வைத்தார். இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உதடு லேசாகத் திறந்து, பல் வரிசையின் வெண்மை தெரிகிறது. அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே பல்லைக் காட்டுவது ரசிகர்களும் கலைஞர்களும் ஏற்காத பாசாங்கு என்று அன்றைய விமர்சனம் ஒன்று கண்டித்தது. திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அரிசி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. அதற்குத்தான் இத்தனை கூச்சல்.

கண்ணுக்கு வேறு கதை. இளம்பெண்ணாக இருந்தபோது சில ஆண்கள் படம் வரைந்துகொள்ளும் சாக்கில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வருவார்களாம். அதைப் புரிந்துகொண்டு, அவர்களை எங்கோ தூரத்தில் பார்க்கும்படி உட்காரவைத்து வரைவார். அவர்கள் இவர் பக்கம் திரும்பினால், "இப்போது கண்களை வரைந்துகொண்டிருக்கிறேன்" என்பார். அவர்கள் மறுபடி தூரத்தைப் பார்த்தாக வேண்டும். ஆண்களின் உருவப்படங்களில் பார்வை எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்குங்கள், அப்புறம் நிறுத்தவே மாட்டீர்கள். ஓவியர் யூபேர் ரொபேரின் படம், 1788, லூவரில் இருக்கிறது. கலைந்த தலை, கழுத்தில் அவிழ்ந்த துணி, படத்துக்கு வெளியே எதையோ பிடித்துக்கொண்ட கண்கள். நண்பனை இவ்வளவு பிரியத்தோடு வரைந்த படங்கள் குறைவு.

முகங்கள் இப்படித் தளர்ந்திருப்பதற்குப் பின்னால் தொழில் இருக்கிறது. உறவுக்காரப் பெண் ஒருத்திக்காக அவர் எழுதிய குறிப்பில் அதைச் சொல்கிறார். வருபவருக்கு அரை மணி முன்பே எல்லாம் தயாராக இருக்கவேண்டும். முதலில் பேசவேண்டும், பல விதமாக உட்காரவைத்துப் பார்க்கவேண்டும். பெண்களிடம் அழகாக இருக்கிறீர்கள் என்று சொன்னால் அவர்கள் உற்சாகமாகி நன்றாக உட்காருவார்கள். அரசியோடு அவர் சேர்ந்து பாடியிருக்கிறார். கர்ப்பமாக இருந்த சமயத்தில் ஒருமுறை வண்ணப்பெட்டி தரையில் கொட்டியது. அவர் குனியப்போக, இந்த நிலையில் நீ குனியக்கூடாது என்று சொல்லி அரசியே தூரிகைகளைப் பொறுக்கிக் கொடுத்தாராம்.

நான்காம் மாலை: புதுச்சேரியிலிருந்து கப்பலேறியவர்

இந்தப் படத்தைத் தமிழ் வாசகர்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். 1787இல் திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்டு மூன்று தூதர்களை பிரான்ஸுக்கு அனுப்பினார். அவர்கள் கப்பல் ஏறியது புதுச்சேரியில். அடுத்த வருடம் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். 1788 ஆகஸ்டில் வெர்சாயில் அரசரைச் சந்தித்தார்கள். கேட்ட உதவி கிடைக்கவில்லை.

ஓபரா அரங்கில் அவர்களைப் பார்த்த விஜே லெ ப்ரன், வரைந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அரசர் சொன்னால்தான் சம்மதிப்போம் என்றார்கள் தூதர்கள். அரசரும் சொன்னார். கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கே போனார். உள்ளே நுழைந்ததும் கையில் பன்னீர் தெளித்தார்கள். தூதர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கான் நின்றபடி, கை வாளின் மேல் இருக்க, ஏழடிக்கு மேல் உயரமான படத்தில் எழுந்து வந்தார். படம் முடிந்ததும் தூதர் அதைத் தன் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டார். அதற்கு உயிர் வேண்டும் என்றாராம். கடைசியில் வேலையாள் மூலமாகத்தான் படம் வெளியே வந்தது. 1789 சலோனில் வைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் நியூயார்க் சாத்பீஸ் ஏலத்தில் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது.

தூதர் உடுத்தியிருப்பது பொற்பூக்கள் தைத்த வெள்ளை மஸ்லின். ஐந்து வருடம் முன்பு அரசி உடுத்தியபோது அவமானம் என்று கழற்றப்பட்ட அதே வகைத் துணி. இங்கே அது கம்பீரமாக நிற்கிறது. இரண்டாம் மாலையின் மஸ்லின் படத்தை இன்னொரு முறை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். மெல்லிய துணியில் மடிப்பும் நிழலும் எப்படி விழுகின்றன என்பதை இந்த ஓவியர் எவ்வளவு நேசித்தார் என்று அப்போது தெரியும்.

கடைசி மாலை: ஓடியபோது கூடப் போனவை

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789இல், அக்டோபரில் கூட்டம் வெர்சாய்க்குள் புகுந்து அரச குடும்பத்தைப் பாரிஸுக்கு இழுத்து வந்த அன்றே, அவர் கூலிக்காரப் பெண் போல உடுத்திக்கொண்டு, மகளோடும் தாதியோடும் பொது வண்டியில் ஏறிவிட்டார். அரசியின் ஆள் என்பதால் ஏற்கனவே அவர்மேல் அவதூறுகள் குவிந்திருந்தன. கிரேக்க பாணியில் வீட்டில் கொடுத்த ஒரு விருந்துக்கு அவர் செலவழித்தது 15 ஃபிராங்க். வதந்தியில் அது 20,000 ஆகி, ஊர் ஊராகப் பெருகி, அவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது 80,000 ஆகியிருந்தது.

இத்தாலி, வியன்னா, ரஷ்யா என்று 12 வருடம். எல்லா ஊரிலும் வேலை கிடைத்தது. ரஷ்யாவில் பேரரசி காதரீனின் பேத்திகள் இருவரைச் சட்டைக்கை இல்லாமல் கைகள் தெரியும்படி வரைந்தார். பாட்டிக்குப் பிடிக்கவில்லை, சட்டைக்கை சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்தப் படம் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலைஞர்கள் உள்ளிட்ட 255 பேர் கையெழுத்திட்ட மனுவின் பேரில் நாடு திரும்ப அனுமதி கிடைத்து, 1802இல் பாரிஸ் வந்தார். 1842 மார்ச் 30 வரை வாழ்ந்தார். அறுநூற்றுக்கும் மேற்பட்ட உருவப்படங்களைத் தன் பட்டியலில் எழுதி வைத்தார்.

1835 முதல் 1837 வரை வெளியான அவருடைய நினைவுக் குறிப்புகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படியுங்கள், ஆனால் படங்களுக்குப் பிறகு படியுங்கள். எண்பது வயதை ஒட்டியவர், செத்துப்போன அரசியை மனதார நேசித்தவர் எழுதியது அது. பசித்த மக்கள் அதில் கூச்சல் போடும் கூட்டமாகத்தான் வருகிறார்கள். அந்தக் காலத்தின் இன்னொரு பக்கத்தை வேறு இடத்தில் தேடிப் படித்துக்கொள்ளவேண்டும். கூடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, யார் எப்படி உட்கார்ந்தார் என்று சொல்லும் இடங்களில் மட்டும் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

சரி, கடைசிப் படம். புளோரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகத்துக்காக 1790இல் ரோமில் வரைந்த தன் உருவம். கறுப்பு உடை, இடுப்பில் சிவப்புத் துணி, தலையில் வெள்ளை முண்டாசு, கையில் வண்ணத்தட்டு. தூரிகை பக்கத்திலிருக்கும் கேன்வாஸைத் தொடுகிறது. அந்தக் கேன்வாஸை முடிந்த அளவு பெரிதாக்குங்கள். இன்னும் வண்ணம் ஏறாத, கோடுகளாக மட்டும் இருக்கும் ஒரு பெண் முகம் தெரியும். மேரி அன்டோனெட். அந்த நேரத்தில் அரசி பாரிஸில் காவலில் இருந்தார். ஓவியர் அந்த முகத்தைப் பார்க்காமல் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது.